வெயில் நாளில் மின்சாரம், மழை நாளில் சூடு: சேலம் சேகோ ஆலையில் கழிவு வெப்பத்தை மீட்க ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி மாதம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலையில் நின்றுகொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். கல்ராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தது. மண்வாசம் வந்த அடுத்த நிமிடம் களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். பலகையால் ஜவ்வரிசியைக் குவித்து, தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் கல் வைப்பதற்குள் பாதிக் களம் நனைந்துவிட்டது. அங்கிருந்து ஐம்பது அடி தள்ளி பயோகேஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ரேடியேட்டர் விசிறி, முகத்தைக் காட்ட முடியாத சூட்டுக் காற்றை அந்த மழைக்குள் ஊதிக்கொண்டே இருந்தது.

காயவைக்கச் சூடில்லாமல் சரக்கு கெடுகிறது. பக்கத்திலேயே சூட்டை வெளியே தள்ளுவதற்கு விசிறி வைத்துக் கரண்ட் செலவழிக்கிறோம். அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தச் சூட்டை என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம், எங்கே காசு வீணாகும் என்பதை எனக்குத் தெரிந்த அளவுக்கு இங்கே முழுதாக எழுதுகிறேன்.

சேலம், நாமக்கல் வட்டாரத்து சேகோ ஆலையை உதாரணமாக எடுக்கக் காரணம் இருக்கிறது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைத்த கழிவுநீரிலிருந்து பயோகேஸ் எடுத்து என்ஜின் ஓட்டும் ஆலைகள் இங்கே உண்டு. என்ஜின் சூடு நாள் முழுக்க ஒரே அளவில் வரும். ஆனால் சூட்டின் தேவை வானத்தைப் பொறுத்தது. நல்ல வெயில் என்றால் களமே போதும், மூட்டம் போட்டால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் போதாது. இப்படித் தேவை ஏறி இறங்கும் இடத்துக்கென்றே ஓர் இயந்திரம் இருக்கிறது.

அந்த இயந்திரம் என்ன செய்கிறது

வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருந்து எடுத்த சூட்டையும் கம்ப்ரஸர் தின்ற கரண்டையும் சேர்த்து வெளியே விடுகிறது. அந்தப் பின்பக்கச் சூடே நமக்கு வேண்டியது என்று வைத்துக்கொண்டால் அதுதான் ஹீட் பம்ப். இது புதிய சங்கதியும் இல்லை. ஆஸ்திரியாவில் எபென்சே உப்பளத்தில் உப்புநீர் காய்ச்சுவதற்காக பீட்டர் வான் ரிட்டிங்கர் 1850-களிலேயே இந்தத் தத்துவத்தில் ஓர் இயந்திரம் அமைத்தார். ஒரு பொருளைக் காயவைக்கத்தான் முதல் தொழிற்சாலை ஹீட் பம்ப் வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதையே திருப்பிப் போடலாம். சூட்டை ஒரு பக்கம் கொடுத்து, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஒரு திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியை அதே கம்ப்ரஸருக்குள் பின்பக்கமாக விட்டால், கம்ப்ரஸர் டர்பைனைப் போலச் சுழலும். அதன் மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். ஆவி குளிர்ந்து திரவமானதும் ஒரு சிறு பம்ப் அதைத் திரும்பச் சூட்டுப் பக்கம் தள்ளும். நீராவி டர்பைனின் அதே சுழற்சிதான், தண்ணீருக்குப் பதில் குளிரூட்டி வாயு. இதை ஆர்கானிக் ரேங்கின் சைக்கிள், சுருக்கமாக ஓ.ஆர்.சி. என்பார்கள்.

ஒரே கம்ப்ரஸர், அதே இரண்டு வெப்பப் பரிமாற்றிகள் (ஒன்றின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கருவிகள்), சில வால்வுகள். வால்வை ஒரு பக்கம் திருப்பினால் ஹீட் பம்ப், மறுபக்கம் திருப்பினால் மின்சாரம். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஸ்க்ரோல் கம்ப்ரஸரை (இரண்டு சுருள் தகடுகளுக்கு நடுவே வாயுவை அமுக்கும் வகை) வைத்து இப்படி இரண்டு பக்கமும் ஓடும் இயந்திரத்தைச் செய்து அளந்து பார்த்திருக்கிறார்கள். கம்ப்ரஸரும் பரிமாற்றிகளும் ஏசித் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு என்பதால் செலவு குறையும் என்பதுதான் இதன் அடிப்படை யோசனை.

முதல் படி: அளந்து பாருங்கள்

எல்லாத் தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் இதற்கு நேரம் கொடுங்கள். எங்கெங்கே சூடு வெளியே போகிறதோ, அங்கெல்லாம் மூன்று விஷயம் வேண்டும்: எத்தனை டிகிரி, மணிக்கு எவ்வளவு ஓட்டம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம்.

என்ஜின் ஜாக்கெட் தண்ணீர், அதாவது என்ஜினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் தண்ணீர், பொதுவாக 85 முதல் 90 டிகிரியில் வெளியே வந்து, பத்து டிகிரி குறைந்து திரும்பும். இதைத் துப்பாக்கி மாதிரி இருக்கும் லேசர் தெர்மாமீட்டரால் அளக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. நான் அனுபவப்பட்டது இது. பளபளவென்று இருந்த ஸ்டீல் குழாய் மேல் காட்டினேன், 42 என்றது. அதை எழுதியும் விட்டேன். பக்கத்தில் நின்ற பாய்லர்காரப் பெரியவர் குழாயை விரலால் தொட்டு உடனே இழுத்துக்கொண்டார். "சார், கை வச்சா கொப்புளம் போட்டுரும்ங்க. உங்க மெஷினு நாப்பத்திரெண்டுங்குது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பளபளப்பான உலோகம் தன் சூட்டை வெளியே காட்டாது, எதிரே இருப்பதன் சூட்டைத்தான் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு அங்குலம் ஒட்டி, ஒரு நிமிடம் கழித்து அந்த டேப்பின் மேல் காட்டினோம், 84 வந்தது. அன்றைக்குப் பிறகு டேப் இல்லாமல் நான் எந்த ஆலைக்குள்ளும் போவதில்லை.

ஓட்டத்தை அளக்க மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் திறந்த வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு ஒரு டிரம்மும் செல்போன் கடிகாரமும் போதும். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

கணக்கு சுலபம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குறைந்தால் 1.163 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு. மணிக்கு 8,600 லிட்டர் ஜாக்கெட் தண்ணீர் பத்து டிகிரி குறைந்தால் மணிக்கு 100 யூனிட், அதாவது 100 கிலோவாட். சுமார் 100 கிலோவாட் கரண்ட் தரும் என்ஜினில் ஜாக்கெட் சூடும் ஏறத்தாழ அதே அளவு இருக்கும். கீழே வரும் கணக்கு முழுவதையும் இந்த 100 கிலோவாட்டை வைத்தே போடுகிறேன்.

என்ஜின் புகையில் சூடு இன்னும் அதிகம், 400 டிகிரிக்கு மேல். ஆசை வரும். ஆனால் சேகோ கழிவுநீர் பயோகேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. அதைச் சுத்தம் செய்யாமல் எரித்துவிட்டு, புகையை 150 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் கந்தக அமிலம் குழாய்ச் சுவரில் வியர்வை போலப் படிந்து அரித்துவிடும். முதல் வருடம் ஜாக்கெட் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

குறைந்தது இரண்டு வாரம், மணிக்கு ஒரு முறை நோட்டில் எழுதுங்கள். அதில் ஒரு மழை நாள் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: நேராகப் பயன்படுத்த முடிந்ததை முதலில் பயன்படுத்துங்கள்

இயந்திரம் விற்க வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். 85 டிகிரி தண்ணீர், 55 டிகிரி காற்றைச் சூடாக்க எந்த கம்ப்ரஸரும் தேவையில்லாமல் தானாகவே உதவும். ஒரு தட்டுப் பரிமாற்றி, ஒரு காயில் (சுடுநீர் ஓடும் குழாய்ச் சுருள்), ஒரு புளோயர் போதும்.

ஜவ்வரிசிக்கு 55 டிகிரிக் காற்று சரியான அளவும்கூட. மரவள்ளி மாவு 60 டிகிரியைத் தாண்டிய இடத்தில் ஈரத்தோடு இருந்தால் பசையாக ஆரம்பிக்கும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். வறுக்கும் தட்டில் அந்தப் பசைத்தன்மை கொஞ்சம் வேண்டும். உலர்த்தும்போது அது கூடாது.

இந்த 100 கிலோவாட்டை விறகில் சொன்னால்தான் முதலாளிக்குப் புரியும். கிலோவுக்கு 3,500 கிலோகலோரி உள்ள விறகை 65 சதவீதத் திறனில் எரித்தால் கிலோவுக்கு 2.65 யூனிட் சூடு கையில் கிடைக்கும். அப்படியென்றால் ஜாக்கெட் சூடு மணிக்கு 38 கிலோ விறகுக்குச் சமம். விறகு கிலோ ஆறு ரூபாய் என்று வையுங்கள், மணிக்கு 228 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். என்ஜினின் சொந்தத் தண்ணீர்ச் சுற்றை வெளியே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நடுவில் தட்டுப் பரிமாற்றி வைத்து, அதற்குப் பின்னால் பழைய ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட் வால்வோடு அப்படியே விட்டுவிடுங்கள். உலர்த்தி நின்றாலும் என்ஜின் சூடேறி நிற்கக் கூடாது. திரும்பும் தண்ணீர் என்ஜின் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே குளிர்ந்தும் போகக் கூடாது.

மூன்றாம் படி: நாட்காட்டி போடுங்கள்

இரண்டு பக்கமும் ஓடும் இயந்திரம் லாபமா நஷ்டமா என்பது டிகிரியை விட மணிக்கணக்கில்தான் இருக்கிறது. சீசன் எத்தனை நாள், அதில் என்ஜின் ஓடும் நேரம் எவ்வளவு, அதில் சூடு தேவைப்படும் நேரம் எவ்வளவு, சூடு வேண்டாத நேரம் எவ்வளவு?

ஓர் உதாரணம். சீசன் 200 நாள், என்ஜின் தினம் 16 மணி நேரம், மொத்தம் 3,200 மணி. அதில் மழை, மூட்டம், களம் ஈரமாக இருக்கும் காலைப்பொழுது, இரவு உலர்த்தல் எல்லாம் சேர்ந்து 1,200 மணி நேரம் உலர்த்திக்குச் சூடு வேண்டும். மீதி 2,000 மணி நேரம் களம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஜாக்கெட் சூடு சும்மா போகும்.

சூடு வேண்டும் நேரமே 3,000 மணி என்றால் உங்களுக்கு ஓ.ஆர்.சி. வேண்டாம், ஹீட் பம்ப் மட்டும் வாங்குங்கள். சூடே வேண்டாம் என்றால் ஹீட் பம்ப் எதற்கு? இரண்டும் கலந்து வருகிறவர்களுக்குத்தான் மேற்கொண்டு படிப்பதில் பயன்.

நான்காம் படி: எவ்வளவு கிடைக்கும் என்ற நிஜக் கணக்கு

பிரெஞ்சுக்காரரான சாதி கார்னோ 1824-இல் சொன்ன விதியை யாராலும் தாண்ட முடியாது. சூட்டை வேலையாக மாற்றும்போது, சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை, சூட்டுப் பக்கத்தின் டிகிரியோடு 273 கூட்டிய எண்ணால் வகுத்தால் வருவதுதான் உச்ச வரம்பு.

ஜாக்கெட் தண்ணீர் சராசரி 83 டிகிரி. கூலிங் டவர் (தண்ணீரைக் காற்றில் குளிரவைக்கும் கோபுரம்) தண்ணீர் 33 டிகிரி என்று வையுங்கள். இடைவெளி 50. அதை 356-ஆல் வகுத்தால் 14 சதவீதம். நிஜ இயந்திரம் இதில் பாதியைத் தொட்டால் நல்ல இயந்திரம். 100 கிலோவாட் சூட்டுக்கு 6 அல்லது 7 கிலோவாட் கரண்ட். திரவப் பம்பும் டவர் விசிறியும் டவர் பம்பும் அதிலிருந்து எடுத்துக்கொண்டது போக, கையில் நிற்பது 5 கிலோவாட்.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடும். யூனிட் எட்டு ரூபாய் என்றால் மணிக்கு 40 ரூபாய். அதே சூடு உலர்த்திக்குப் போனால் 228 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி என்ஜின் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். சூட்டைச் சூடாகவே செலவழிக்க முடியும்போது அதை மின்சாரமாக்குவது நஷ்டம். வேண்டாத நேரத்தில் சும்மா போவதிலிருந்து 40 ரூபாய் எடுப்பதற்குத்தான் ஓ.ஆர்.சி.

ஹீட் பம்ப் பக்கம் வேறு கதை. உலர்த்தியிலிருந்து வெளியேறும் ஈரக்காற்று 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த ஈரத்துக்குள்தான் சூடு ஒளிந்திருக்கிறது, குளிரவைத்து நீராக்கினால் வெளியே வரும். வாயு 30 டிகிரியில் அந்தச் சூட்டை வாங்கி, 60 டிகிரியில் விடுவதாக வையுங்கள். 333-ஐ 30-ஆல் வகுத்தால் 11, பாதி எடுத்தால் ஐந்தரை, விசிறிகளுக்குக் கழித்தால் ஐந்து. ஒரு யூனிட் கரண்டுக்கு ஐந்து யூனிட் சூடு. 12 கிலோவாட் கரண்டில் 60 கிலோவாட் சூடு.

60 டிகிரிக்குப் பதில் 75 டிகிரி கேட்டால் ஐந்து என்பது நாலுக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் 'இன்னும் கொஞ்சம் சூடு இருக்கட்டும்' என்று டிகிரியை ஏற்றிவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். காற்றின் அளவைக் கூட்டுங்கள், டிகிரியைக் கூட்டாதீர்கள்.

ஆக மழை நாளில் ஜாக்கெட்டிலிருந்து நேராக 100, ஹீட் பம்பிலிருந்து 60, மொத்தம் 160 கிலோவாட். ஒரு கிலோ ஈரத்தை விரட்ட ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் சூடு பிடிக்கும் என்று வைத்தால், மணிக்கு 128 கிலோவாவது தண்ணீர் வெளியேறும்.

ஐந்தாம் படி: வாயுவும் கம்ப்ரஸரும்

ஏசியில் போடும் ஆர்-134ஏ தெரிந்த வாயு. ஆனால் 80 டிகிரியில் அதன் அழுத்தம் 26 பாரைத் தாண்டும் (ஒரு பார் ஏறத்தாழ சாதாரணக் காற்றழுத்தம்), 101 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே மாறாது. ஆர்-245எஃப்ஏ 40 டிகிரியில் இரண்டரை பார், 80 டிகிரியில் 8 பாருக்குள் நிற்கும். ஆர்-1233இசட்டி(ஈ) இன்னும் சாது. நான் கடைசியாகச் சொன்னதைத்தான் கேட்பேன். 245எஃப்ஏ கசிந்தால் புவியைச் சூடாக்கும் வலிமை கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்கை ஒட்டி வரும். இந்தக் குளிரூட்டி வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றிருக்கிறது, இந்த வகை வாயுக்கள் படிப்படியாகக் குறைக்கப்படும். பத்து வருடம் கழித்து வாயுவுக்கு அலைய வேண்டாம். 1233இசட்டிக்கு அந்த வலிமை ஒற்றை இலக்கம்தான்.

இரண்டுக்கும் ஒரு குணம் உண்டு. 245எஃப்ஏ 15 டிகிரியிலும், 1233இசட்டி 18 டிகிரியைத் தாண்டியும் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கும். இயந்திரம் நின்றிருக்கும் மார்கழி இரவில் அறை அதற்குக் கீழே குளிர்ந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பொடிக் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சேலத்தில் இது எப்போதாவது நடக்கும், ஏற்காட்டில் வைத்தால் அடிக்கடி நடக்கும். காற்று புகுந்தால் அழுத்தம் ஏறும், மின்சாரம் குறையும். காற்றை வெளியேற்றும் வால்வு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கம்ப்ரஸர் விஷயத்தில் பார்க்க வேண்டியது அமுக்க விகிதம், அதாவது மேல் அழுத்தத்தைக் கீழ் அழுத்தத்தால் வகுத்த எண். 245எஃப்ஏ-யில் நம் ஹீட் பம்ப் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 1.8 பாரிலிருந்து 4.6 பார், விகிதம் 2.6. ஓ.ஆர்.சி. ஓட்டத்தில் 75 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்கினால் 6.9 பாரிலிருந்து 2.5 பார், விகிதம் 2.8. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே கம்ப்ரஸர் இரண்டு வேலைக்கும் பொருந்துவதற்கு இந்த ஒற்றுமைதான் காரணம். 40 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குத் தூக்க வேண்டிய ஆலையில் இது பொருந்தாது. அங்கே இரண்டு தனி இயந்திரம்தான்.

ஸ்க்ரோல் கம்ப்ரஸரில் வாயு திரும்பிப் போகாமல் இருக்க ஒரு வால்வு இருக்கும். டர்பைனாக ஓட அதை எடுக்க வேண்டும். ஓட்டம் திரும்பும்போது தண்டும் எதிர்ப்பக்கம் சுழலும். எண்ணெய்ப் பம்ப் இரண்டு பக்கமும் வேலை செய்யுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி வாங்கி, மூன்றே வாரத்தில் பேரிங் கருகிய ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: குளிர்ப் பக்கம்

மின்சாரம் எடுப்பதில் சூட்டுப் பக்கத்துக்கு உள்ள மரியாதை குளிர்ப் பக்கத்துக்கும் உண்டு. இடைவெளி 50 டிகிரி என்று சொன்னேன். டவர் ஐந்து டிகிரி கூடச் சூடாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போயிற்று. சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரி வரை போகும். நல்ல வேளையாக அந்த மாதங்களில் பெரும்பாலான சேகோ ஆலைகளுக்குச் சீசன் முடிந்திருக்கும்.

தண்ணீர்க் கணக்கையும் மறக்கக் கூடாது. 93 கிலோவாட் சூட்டை டவரில் தள்ளினால் மணிக்கு சுமார் 140 லிட்டர் ஆவியாகும். ஒரு யூனிட் கரண்டுக்கு 28 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் ஆலை இதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால் டவரிலும் பரிமாற்றியிலும் படிமம் பிடிக்கும், மென்னீராக்கிச் செலவும் சேர்ந்து வரும்.

ஏழாம் படி: குழாய், வால்வு, பம்ப்

இதை ஏசி மெக்கானிக் செய்துவிடுவார், ஆனால் மூன்று இடத்தில் கண் வையுங்கள். ஓ.ஆர்.சி. பம்ப், கொதிநிலையை ஒட்டி இருக்கும் திரவத்தை உறிஞ்சுகிறது. திரவத் தொட்டி பம்புக்கு மேலே ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்தில் இல்லையென்றால் பம்புக்குள்ளேயே ஆவியாகி, கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் போட்டுக் கெட்டுப்போகும். தொட்டியைத் தரையில் வைத்து வரைபடம் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஹீட் பம்பாக ஓடும்போது பம்பைச் சுற்றிப் போகும் வழியும், ஓ.ஆர்.சி.யாக ஓடும்போது விரிவு வால்வை (ஹீட் பம்பில் திரவத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) சுற்றிப் போகும் வழியும் வேண்டும். இவற்றின் வால்வுகள் நன்றாக மூடாவிட்டால் சத்தமே இல்லாமல் மின்சாரம் குறைந்துகொண்டே வரும்.

வாயு காற்றை விடக் கனமானது. பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். தரையோடு காற்றுப்போக்கும் கசிவு அலாரமும் கட்டாயம். பாதாள அறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

இடம் இருந்தால் 10,000 லிட்டர் சுடுநீர்த் தொட்டி ஒன்று வையுங்கள். 85-லிருந்து 65 டிகிரி வரை 230 யூனிட் சூடு பிடிக்கும். கரண்ட் கூடுதல் விலைக்கு ஓடும் மாலை உச்ச நேரத்துக்கு மின்சாரத்தைத் தள்ளிவைக்கலாம், விடியற்காலையில் உலர்த்தியைச் சூட்டோடு தொடங்கலாம்.

எட்டாம் படி: கரண்ட் இணைப்பு

இந்தப் படியில் அவசரம் உயிருக்கு ஆபத்து. சாதாரண நாலு போல் மோட்டார், ஆலையின் கரண்டோடு சேர்ந்திருக்கும்போது 1,500 சுற்றைத் தாண்டித் தள்ளப்பட்டால் ஜெனரேட்டராகிக் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். எளிமையான ஏற்பாடு. ஆனால் லைன் போன நொடியில் அதைப் பிடித்து வைத்திருந்த சுமை காணாமல் போகும். ஆவி தள்ளிக்கொண்டே இருக்கும், சுற்று வேகம் எகிறும். கரண்ட் போனதும் தானாகவே, கரண்டின் உதவி இல்லாமல் ஸ்பிரிங்கால் மூடும் வால்வு ஆவி வரும் வழியில் இருக்க வேண்டும். ஆவியைச் சுற்றிவிடும் பைபாஸும் வேண்டும். முதல் நாள் ஓட்டிக் காட்டும்போது மெயின் பிரேக்கரை நீங்களே இறக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் அடங்க வேண்டும்.

தண்டு எதிர்ப்பக்கம் சுழல்வதால் பேஸ் வரிசையை மாற்றும் கான்டாக்டர்கள் இரண்டு வரும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒட்டாதபடி இரும்புப் பூட்டு இருக்கட்டும், புரோகிராமை மட்டும் நம்ப வேண்டாம். வேகம் மாற்றும் டிரைவ் வைத்தால், கரண்டைத் திருப்பி அனுப்பக்கூடிய வகை டிரைவா என்று பாருங்கள். சாதாரண டிரைவ் அதைத் தாங்காது.

மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓட வாரியத்தின் அனுமதியும், மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்றும் வாங்கிய பிறகே தொடங்குங்கள். ஐந்து கிலோவாட்தானே என்று விட்டுவிடாதீர்கள். லைனில் வேலை செய்யக் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு ஐந்து கிலோவாட்டும் ஒன்றுதான், ஐந்நூறு கிலோவாட்டும் ஒன்றுதான்.

ஒன்பதாம் படி: எவ்வளவு கொடுக்கலாம்

மேலே போட்ட எண்களையே எடுப்போம். நேரடிச் சூடு 1,200 மணி நேரத்துக்கு வருடம் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். இதற்கு இயந்திரமே வேண்டாம், காயிலும் புளோயரும் மட்டும். அதனால் இதை இயந்திரத்தின் லாபத்தில் சேர்க்காதீர்கள். விலைப்பட்டியலில் இதையும் சேர்த்துக் காட்டினால் அடித்துவிடுங்கள்.

ஓ.ஆர்.சி. 2,000 மணி நேரம், 10,000 யூனிட், 80,000 ரூபாய். ஹீட் பம்ப் விறகுக்குப் பதிலாக ஓடினால் மணிக்கு 136 ரூபாய் விறகை மிச்சப்படுத்தி 96 ரூபாய் கரண்ட் தின்னும். மிச்சம் 40, வருடத்துக்கு 48,000. இரண்டும் சேர்ந்து 1 லட்சத்து 28 ஆயிரம். நாலு வருடத்தில் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்றால் இயந்திரத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

அதே ஆலை உலர்த்திக்கு எல்பிஜி எரித்தால்? 60 யூனிட் சூட்டுக்கு ஐந்தரை கிலோ, கிலோ 80 ரூபாய் என்றால் மணிக்கு 440. கரண்ட் போக 344 மிச்சம். வருடத்துக்கு 4 லட்சத்துக்கு மேல், ஓ.ஆர்.சி.யோடு சேர்த்து 4 லட்சத்து 90 ஆயிரம். இப்போது 19 லட்சம் வரை கொடுக்கலாம். டீசல், எல்பிஜி எரிப்பவர்களுக்கு இது பொருந்தும். விறகு, திப்பி (கிழங்குச் சக்கை) எரிப்பவர்கள் நேரடிச் சூட்டோடு நிற்கலாம்.

பயோகேஸ் மிஞ்சிச் சும்மா கொளுத்திவிடும் ஆலை என்றால் கணக்கு மறுபடி மாறும். கேஸ் மிஞ்சுகிறது என்றால் கரண்டும் மிஞ்சும், அப்போது ஓ.ஆர்.சி.க்கு வேலையே இல்லை. ஹீட் பம்ப் மட்டும் வையுங்கள், அதன் கரண்ட் இலவசம் போலத்தான்.

இந்தக் கணக்கில் நான் சேர்க்காத ஒன்று, நனைந்து வெண்மை குறைந்த சரக்கின் நஷ்டம். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவின் வழியே விற்றாலும் சரி, நேரே விற்றாலும் சரி, நிறம் போனால் விலை போயிற்று. போன மூன்று வருடப் பில்களை எடுத்து, ஐப்பசி, கார்த்திகையில் தரம் குறைந்து போன மூட்டைகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். சில ஆலைகளில் அந்த ஒரு எண்ணே முடிவைச் சொல்லிவிடும்.

சேகோ இல்லாதவர்களுக்கு

சாயப்பட்டறையில் வெளியேறும் சுடுநீர் தொட்டியில் சேரும்போது 50, 55 டிகிரிக்கு வந்துவிடும். அதிலிருந்து மின்சாரம் எடுக்க நினைக்க வேண்டாம். மணிக்கு 5,000 லிட்டர் என்றால் 55-லிருந்து 30 வரை 145 கிலோவாட் சூடு இருக்கிறது, புதுத் தண்ணீரைச் சூடாக்க ஒரு பரிமாற்றியும் ஹீட் பம்பும் போதும். நூலும் பஞ்சும் அடைக்கும், வடிகட்டியைத் தினமும் கழுவ ஓர் ஆளை ஒதுக்குங்கள். கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சூளைகளில் புகை மிகச் சூடானது. அங்கே தெர்மிக் ஆயில் (சூட்டைக் கடத்தும் எண்ணெய்) வைத்த தனி ஓ.ஆர்.சி. அல்லது நீராவிதான் சரி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கழிவுச் சூடே கிடையாது. மூடுபனியில் காப்பிக்கொட்டை காயாத மார்கழி, தை மாதங்களில் 40 டிகிரிக்குள் ஓடும் சிறு ஹீட் பம்ப் உலர்த்தி அருமையாகப் பொருந்தும்.

பத்தாம் படி: ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும்

ஓட்டத்தை மாற்றும்போது உடனே திருப்பக் கூடாது. நிறுத்தி, இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, வால்வு நிலையைக் கண்ணால் பார்த்து, பிறகு தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மாற்றத்துக்கு மேல் வேண்டாம். காலையில் வானத்தைப் பார்த்து ஒரு முடிவு, மாலையில் ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்க இன்ஜினியர் தேவையில்லை, இருபது வருடமாகக் களம் பார்ப்பவர் போதும். மழை வரும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

நோட்டில் தினம் ஐந்து எண்: ஜாக்கெட் தண்ணீர் போகும் டிகிரி, திரும்பும் டிகிரி, வாயுவின் மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், யூனிட். ஒரே வெயில், ஒரே சூடு இருந்தும் யூனிட் குறைந்தால் முதலில் டவரைப் பாருங்கள், அடுத்து பரிமாற்றியில் அழுக்கு, கடைசியாக வாயுக் கசிவு.

சீசன் முடிந்ததும் தட்டுப் பரிமாற்றிகளைக் கழற்றிக் கழுவி, டவர் தண்ணீரை வடித்து, வாயுவைத் திரவத் தொட்டிக்குள் இறக்கிப் பூட்டுங்கள். எண்ணெயில் ஒரு குப்பி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், இந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் வகை. ஆடி பிறந்ததும் ஒரு நாள் முழுக்கச் சோதனை ஓட்டம் விட்டு, அந்த ஐந்து எண்களைப் போன வருடத்து நோட்டோடு வைத்துப் பாருங்கள். புதுக் கிழங்கு லாரி வாசலுக்கு வரும் முன் அது முடிந்திருக்க வேண்டும்.